அக்காவின் மருந்துச் சீட்டில் ரோசேசியா என்று எழுதியிருக்கிறது, இந்த வார்த்தைகளுக்கு யாராவது அர்த்தம் சொல்லுங்களேன்

கொரட்டூர்_தம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வயது 43. ஒன்றரை வருடமாக இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து, நடுநடுவே பரு மாதிரி பொரிந்திருக்கிறது. சிவந்து என்று சொல்கிறேனே தவிர, நாங்கள் மாநிறத்துக்கும் கொஞ்சம் கருப்பு, அதனால் பார்க்கிறவர்களுக்குச் செம்பு நிறமாகத்தான் தெரியும், தொட்டால் சுடும். அக்கா வீட்டிலேயே டிபன் போட்டு விற்கிறாள், விடிகாலை நாலரைக்கே இட்லிப் பானை அடுப்பில் ஏறிவிடும். ஆவி பட்டதும் முகம் திகுதிகு என்று எரிகிறது என்பாள்.

போன சனிக்கிழமை தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல டாக்டர்தான், ஆனால் வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். சீட்டில் இருப்பதைப் புரிந்த வரைக்கும் தமிழில் எழுதுகிறேன்:

"பாப்புலோபஸ்டுலர் ரோசேசியா. எரிதீமா ++, டெலாஞ்சியெக்டேசியா +, கொமிடோன்ஸ் நில். எஃப்எஸ்டி 5. ஆர்/ஓ எஸ்எல்இ, ஏஎன்ஏ பார்க்கவும். ஆக்குலர்? ஹெச்/ஓ டிஎஸ்? ஐவர்மெக்டின் 1% எல்/ஏ ஹெச்எஸ். டாக்ஸி 40 எம்ஆர் ஓடி. சன்ஸ்கிரீன்."

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தேடினோம், அதுதான் வினையாகிவிட்டது. எஸ்எல்இ என்றால் லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் என்று வந்தது. 5 என்பதைப் பார்த்து அஞ்சாவது ஸ்டேஜ் என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ஐவர்மெக்டின் பூச்சி மருந்து, அதை ஏன் முகத்தில் பூசச் சொல்கிறார்கள் என்று அக்கா இன்னும் ட்யூபையே திறக்கவில்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் கழித்து. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிழல்தேடி:

தம்பி, முதலில் அம்மாவின் அழுகையை நிறுத்துங்கள். ரோசேசியா என்பது முகம் சிவந்து பொரிந்து நீண்ட நாள் இருக்கும் ஒரு தோல் நோய். எஃப்எஸ்டி என்பது ஃபிட்ஸ்பாட்ரிக் ஸ்கின் டைப். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் வகுத்த கணக்கு அது. வெயிலில் போனால் தோல் எவ்வளவு சீக்கிரம் வெந்து போகிறது, எவ்வளவு கறுக்கிறது என்பதை வைத்து 1 முதல் 6 வரை பிரிப்பார்கள். 1 என்றால் வெளுத்த தோல், 6 என்றால் நல்ல கருப்பு. அக்காவுக்கு 5, அதாவது நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிற நிறம். நோய் எத்தனை முற்றியிருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் இந்த எண் தேவையானதுதான். பின்னால் யாராவது லேசர் செய்யலாம் என்று சொன்னால், லேசரின் ஒளியை ரத்தக்குழாயோடு சேர்த்து தோலின் நிறமியும் இழுத்துக்கொள்ளும், நம் நிறத்துக்குச் சூட்டுப் புண்ணோ கருந்தழும்போ வரக்கூடும், அதனால் கருப்புத் தோலில் செய்து பழகியவரா என்று கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்/ஓ என்றால் ரூல் அவுட், "இது இல்லை என்று உறுதி செய்துகொள்". லூபஸ் இருக்கிறது என்று டாக்டர் எழுதவில்லை, இல்லை என்று பார்த்துக்கொள்ளத்தான் எழுதியிருக்கிறார். லூபஸிலும் இரண்டு கன்னமும் மூக்கும் சிவக்கும் என்பதால் ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை கேட்டிருக்கிறார். பொதுவாக லூபஸ் சிவப்பு மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பை விட்டுவிடும், சீழ்ப்பருவும் அதில் வராது. இன்னொன்று, ஏஎன்ஏ பாசிட்டிவ் என்று வந்தாலும் அதை மட்டும் வைத்து லூபஸ் என்று சொல்லிவிட முடியாது, நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் சிலருக்கும் வரும். ரிப்போர்ட்டை லேபிலேயே பிரித்துப் பார்த்து மறுபடி தேட உட்காராதீர்கள்.

மற்றதெல்லாம் டாக்டர் கண்ணால் பார்த்ததை எழுதியது. எரிதீமா என்றால் சிவப்பு, அவ்வளவுதான். டெலாஞ்சியெக்டேசியா, பெயர்தான் நீளம், தோலின் மேல்பக்கத்தில் விரிந்து நூல் மாதிரி தெரியும் சிறு ரத்தக்குழாய்கள். பாப்யூல் என்றால் கெட்டியான சின்னப் பொரி, பஸ்ட்யூல் என்றால் சீழ் வைத்தது, இரண்டையும் ஒட்டினால் பாப்புலோபஸ்டுலர். கொமிடோன் என்பது பிளாக்ஹெட், வொயிட்ஹெட். அது நில், அதாவது கிடையாது. சாதாரணப் பருவில் அது இருக்கும், ரோசேசியாவில் இருக்காது, டாக்டர் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். எனக்கு நாலு வருடம் இதைப் பரு என்றும் அலர்ஜி என்றும்தான் சொன்னார்கள், நம் நிறத்தில் சிவப்பு வெளியே தெரியாததால் ரொம்பப் பேருக்கு இப்படித்தான் தள்ளிப்போகிறது. அக்கா சொன்ன அந்த எரிச்சலையும் சூட்டையும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கொரட்டூர்_தம்பி:

ரொம்ப நன்றிங்க. அம்மாவுக்கு உங்கள் பதிலை அப்படியே படித்துக் காட்டினேன், இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மருந்தைப் பற்றியும் யாராவது சொன்னால் அக்கா ட்யூபைத் திறப்பாள்.

பெரம்பூர்_மருந்துக்கடை:

பதினெட்டு வருடமாக மருந்து கொடுக்கிறேன், மருந்தாளுநர். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஐவர்மெக்டின் பூச்சி மருந்துதான், அக்கா சொன்னது தப்பில்லை. அதைக் கண்டுபிடித்ததற்கு 2015இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அநேகமாக எல்லார் முகத்திலும் டெமோடெக்ஸ் என்று கண்ணுக்குத் தெரியாத பூச்சி முடிக்குழிக்குள் இருக்கும், உங்களுக்கும் எனக்கும்கூட உண்டு, அழுக்கால் வருவது இல்லை. ரோசேசியா உள்ளவர்களுக்கு அது அதிகமாக இருக்கும். இந்த க்ரீம் அந்தப் பூச்சியையும் குறைக்கும், அழற்சியையும் அடக்கும். எல்/ஏ என்றால் மேலே பூச, ஹெச்எஸ் என்றால் படுக்கப் போகும்போது. நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, கண்ணிலும் உதட்டிலும் படக்கூடாது. முதல் சில நாள் எரிச்சல் கூடலாம். பலன் முழுசாகத் தெரிய மூன்று மாதம் வரை ஆகும், பத்தாம் நாள் "ஒன்றும் ஆகவில்லை" என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் நிறைய.

டாக்ஸி என்பது டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். 40 எம்ஆர் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் 40 மில்லிகிராம், ஓடி என்றால் ஒரு நாளைக்கு ஒன்று. இந்த அளவில் அது கிருமியைக் கொல்வதற்காக அல்ல, அழற்சியைக் குறைப்பதற்காக. அதனால் கடையில் இல்லையென்று யாராவது 100 எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கணும், விழுங்கியதும் படுக்கக்கூடாது, தொண்டைக்குழலைப் புண்ணாக்கும். பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பம் என்றால் இந்த மாத்திரை கூடாது. வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துவிடும், சன்ஸ்கிரீன் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது முக்கியமான விஷயம். சீட்டில் "ஹெச்/ஓ டிஎஸ்?" என்று இருக்கிறதே, அதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. ஹெச்/ஓ என்றால் முன்பு நடந்தது, டிஎஸ் என்பது டாபிகல் ஸ்டீராய்டு, அதாவது ஸ்டீராய்டு க்ரீம் பூசியிருக்கிறாரா என்ற சந்தேகம். முகத்தில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசினால் அதுவே இதே மாதிரி சிவப்பு, பொரி, நூல் மாதிரி ரத்தக்குழாய் எல்லாம் கொண்டுவரும். பூசும்போது அடங்கும், விட்டால் இரண்டு மடங்காகத் திரும்பும், அதனால் ஜனங்கள் விடவே மாட்டார்கள். 2018இல் மத்திய அரசு இந்த க்ரீம்களை ஷெட்யூல் ஹெச்சில் சேர்த்தது, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, ஆனால் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன, இந்தத் தொழிலில் இருப்பவனாக எனக்கு அது வேதனைதான். அக்காவிடம் "மருந்து பூசினாயா" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் வரும். "முகத்துக்கு என்னென்ன போடுகிறாய், எல்லாவற்றையும் எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். ட்யூபின் பின்னால் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுசினோலோன், இதில் ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா பாருங்கள்.

அம்மாச்சி_சமையல்:

தம்பி, கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் தயிரில் குழைத்துப் பூசச் சொல்லுங்கள், குளிர்ச்சி. எங்கள் காலத்தில் டாக்டர் ஏது?

நிழல்தேடி:

அம்மா, நல்ல தோலுக்கு நானும் அதைத்தான் பூசுவேன். ஆனால் இந்தத் தோலுக்குமேல் எதை வைத்துத் தேய்த்தாலும் எரிச்சல் கூடும், பார்லர் ப்ளீச்சும் ஆவி பிடிப்பதும் அப்படித்தான். தம்பி, இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவும், அடுப்புப் பக்கம் சின்ன ஃபேன் ஒன்று வைக்கவும் சொல்லுங்கள், எனக்கு அதிலேயே நிறைய வித்தியாசம் தெரிந்தது. காபியை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். 2018இல் அமெரிக்க நர்சுகள் 80,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில் காபி குடிப்பவர்களுக்கு ரோசேசியா குறைவாகத்தான் இருந்தது. பலருக்கு வம்பு பண்ணுவது காபியின் சூடு. டபராவில் நன்றாக ஆற்றிக் குடிக்கட்டும்.

அப்புறம் அந்த "ஆக்குலர்?" என்பது கண். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், இமை ஓரம் சிவப்பு, அடிக்கடி கண்கட்டி, இதெல்லாம் அக்காவுக்கு உண்டா? கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், நேராகக் கண் டாக்டரிடம் போய்விடுங்கள், எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கவே இருக்கிறது.

கொரட்டூர்_தம்பி:

பெரம்பூர் அண்ணா சொன்ன மாதிரியே கேட்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் ஒரு ட்யூப் இருந்தது. மோமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்று மூன்று பெயர் போட்டிருக்கிறது. இரண்டு வருடமாக ராத்திரி பூசுகிறாளாம். கல்யாண வீட்டில் யாரோ முகம் பளிச்சென்று ஆகும் என்று சொல்லி வாங்கினாளாம். டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றால், "அது மருந்தா? ஃபேர்னஸ் க்ரீம்தானே" என்கிறாள். கண் உறுத்தலும் உண்டு, தூக்கம் போதாததால் என்று நினைத்திருக்கிறாள். இன்றைக்கே அந்த ட்யூபைத் தூக்கி எறிந்துவிடலாமா?

பெரம்பூர்_மருந்துக்கடை:

எறியாதீர்கள், டாக்டர் பார்க்க வேண்டும். மூன்று வாரமும் காத்திருக்காதீர்கள். நாளைக் காலை க்ளினிக்குக்கு போன் செய்து "இரண்டு வருடம் மோமெட்டசோன் பூசியிருக்கிறார், இப்போதுதான் தெரிந்தது" என்று சொல்லி முன்கூட்டியே தேதி கேளுங்கள். சட்டென்று விட்டால் முகம் வீங்கிச் சிவக்கலாம், எப்படிக் குறைத்து நிறுத்துவது, இடையில் என்ன போடுவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அக்காவைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவையும் மறைப்பார்.

கொரட்டூர்_தம்பி:

போன் செய்துவிட்டேன், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ட்யூபையும் சீட்டையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.