அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போக மனசே இல்லை, என்ன செய்யலாம்?

கவுண்டர் எண் 3:

வணக்கம். நான் 1965 ஆவணியில் பிறந்தவன், விசுவாவசு வருடம். அதே விசுவாவசு இப்போது திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. 37 வருடம் வங்கி வேலை, இந்த ஆகஸ்டோடு ஓய்வு. பையன் பெங்களூரு, பெண் கோவை. இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, வேன் பேசி, அங்கே ரூம் போட்டு, குருக்களிடமும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் என்னிடம் "அப்பா, ரெண்டு நாள் லீவு போட்டுடுங்க" என்கிறார்கள். மாப்பிள்ளைக்கே தகவல் கடைசியில்தான்.

எனக்கு இது பிடிக்கவில்லை. தெரிந்தவர்கள் வீட்டு ஹாலில் எல்லாம் அந்தப் போட்டோவைப் பார்த்திருக்கிறேன், நனைந்த வேட்டி, கழுத்து மறைகிற மாலை, பக்கத்தில் வெட்கத்தோடு மனைவி. நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்க்க முடியவில்லை. அறுபது என்ற எண்ணே உறுத்துகிறது. கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் "சார், உங்களுக்கு அறுபது முடிஞ்சிருந்தா டெபாசிட்டுக்கு அரை பர்சன்ட் கூட வரும்" என்று சொல்லியிருப்பேன்! சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் மாறும். ஏன் மாறியது என்று இப்போது புரிகிறது.

பிள்ளைகள் மனசும் கோணக்கூடாது. ஊட்டி, கொடைக்கானல் என்று மாற்றிவிடலாமா? யாராவது இப்படி மறுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

வெண்ணாற்றங்கரை:

சார், முதலில் ஒரு கணக்கு. 59 முடிந்து 60 பிறக்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 முடிந்து 61 பிறக்கும்போதுதான் சஷ்டியப்த பூர்த்தி. உங்களுக்கு இரண்டாவது, அதனால் பிள்ளைகள் கணக்கு சரி. குரு ராசிச் சக்கரத்தை ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 வருடம், சனிக்கு 30. இரண்டும் சேர்ந்து நீங்கள் பிறந்தபோது இருந்த இடத்துக்குத் திரும்ப அறுபது ஆகிறது, வருடப் பெயரும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறது. ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், வானத்தில் நடக்கிற அந்தச் சுற்று எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்று, அங்கே தனியாக மேடை ஏறி நிற்கிற சங்கடமே கிடையாது. எந்த நாள் போனாலும் உங்களை மாதிரி பல ஜோடி, அறுபது, எழுபது, எண்பது என்று பிராகாரம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். எண்பதுகாரர் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், சின்னப் பையன் மாதிரி தெரிவீர்கள் :) யோசித்தால் வேடிக்கைதான், மார்க்கண்டேயனுக்கு வயசு பதினாறு, அவன் தப்பித்த ஊரில் போய் நாம் அறுபது கொண்டாடுகிறோம்.

ஊட்டி எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

மல்லிகைப் பந்தல்:

அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். எல்லாம் உங்களைப் பற்றியே இருக்கிறது. அண்ணியைக் கேட்டீர்களா? எங்கள் கல்யாணத்தில் எனக்கு 21 வயசு. ஹோமப் புகை, அழுகை, பசி. தாலி ஏறியது கழுத்தில் கை பட்டபோதுதான் தெரிந்தது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன வருடம் அதே மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முடிச்சு போட வராமல் தடுமாறியதை நன்றாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தேன். அதற்காகவே போகலாம்.

அப்புறம் ஒன்று, தப்பாக நினைக்காதீர்கள். வெறும் வெட்கத்துக்கு யாரும் இவ்வளவு நீளமாக எழுத மாட்டார்கள். வேறு என்னவோ இருக்கிறது.

கவுண்டர் எண் 3:

இருக்கிறது, மல்லிகைம்மா. ரெண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

அப்பாவுக்கு 1995 வைகாசியில் அறுபது முடிய வேண்டும். அந்தப் பொங்கலுக்கே மாயவரம் போய், கூறைநாட்டிலேயே அம்மாவுக்குக் கூறைப்புடவை எடுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு அவசரம், அவ்வளவு ஆசை. அதே தை மாதக் கடைசியில் மாரடைப்பு. நாலு மாதம் பாக்கி. எமனைக் காலால் உதைத்த ஊர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எங்கள் வீட்டுக்கு அவன் வந்தபோது உதைக்க யாரும் இல்லை. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே எனக்குக் கோபம்தான் வரும்.

இப்போது நான் அப்பாவைவிட வயசில் பெரியவன். இது யாரிடம் சொன்னாலும் புரியுமா என்று தெரியவில்லை.

ஆனால் அதைவிட, அம்மா இருக்கிறாள். 82 வயசு, நல்ல நினைவோடு. "நான் எதுக்குப்பா அங்கே, நீங்க போயிட்டு வாங்க" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். அத்தையோ, "வரட்டும், பின்னாடி எங்கேயாவது உட்காரட்டும்" என்கிறாள். அம்மாவைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு நான் மாலை போட்டுக்கொண்டு என் மனைவிக்குத் தாலி கட்டவா? அதுதான் முடியவில்லை.

தஞ்சாவூர் மேம்பாலம்:

என் அப்பா 52ல் போனார். எனக்கு 52 முடிகிறவரை தினமும் காலையில் எழுந்து, சரி இன்னைக்கும் இருக்கோம் என்று நினைத்துக்கொள்வேன். அவரைத் தாண்டிய அன்று ஏதோ திருட்டு மாதிரி இருந்தது. ஆகையால் எனக்குப் புரிகிறது சார்.

அம்மா விஷயத்தில் நான் நேராகவே சொல்கிறேன். அத்தை சொல்வதைக் கேட்காதீர்கள். தாலி இல்லாதவள் முன்னால் நிற்கக்கூடாது என்பதெல்லாம் நாம் பிடித்து வைத்திருப்பதுதான், விட்டால் போயிற்று. குருக்களிடம் முன்கூட்டியே, "அம்மாதான் முதல் தண்ணீர் ஊற்றுவாங்க" என்று போனில் சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். அதற்கும் முன்னால் அம்மாவிடம் கேளுங்கள். வருகிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள். நீ வந்தால்தான் நான் போவேன் என்று சொல்லிப் பாருங்கள்.

மல்லிகைப் பந்தல்:

மேம்பாலம் சொல்வதுதான் சரி. வேனில் அம்மாவுக்கு முன் சீட்.

கவுண்டர் எண் 3:

போய்விட்டு நேற்று ராத்திரிதான் வந்தோம். கேட்டவர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அம்மாவிடம் மேம்பாலம் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் பீரோவைத் திறந்து அந்தக் கூறைப்புடவையை எடுத்துவந்து என் மனைவி மடியில் வைத்தாள். முப்பது வருடம் மடித்தபடியே இருந்ததில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது, விரித்தால் கையோடு வந்துவிடும் போல. கட்ட முடியாது. "அப்போ மேலே போர்த்திக்கோ" என்றாள் அம்மா. அவ்வளவுதான், அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

விடிகாலை மூன்றரைக்குத் திருச்சியில் வேன் ஏறினோம், பதினாலு பேர், புளியோதரை இரண்டு தூக்கு. தஞ்சாவூர் தாண்டும் வரை எல்லோரும் தூக்கம், அம்மா மட்டும் முன் சீட்டில் விழித்துக்கொண்டு டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தாள், அவளுக்கு வழி தெரியாது என்பது வேறு விஷயம். கும்பகோணத்தில் காபி. மாயவரம் வந்ததும் "இங்கேதான் எடுத்தார்" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெண்ணாற்றங்கரை சொன்னது போலவே கூட்டம். எங்கள் பக்கத்திலேயே ஒரு எண்பது வயசு ஜோடி, அந்தத் தாத்தா என்னைப் பார்த்து "தம்பிக்கு அறுபதா?" என்றார். தம்பி!

ஹோமம், ஜபம் எல்லாம் முடிந்து மனைப் பலகையில் உட்காரவைத்துக் கலசத் தண்ணீர். பையன் போனிலேயே பேசி வைத்திருந்தான், குருக்களும் "அம்மா வாங்க" என்று முதலில் அவளைத்தான் கூப்பிட்டார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், என் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவால் சல்லடையை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை, பேரன் பிடித்தான், அவள் செம்பால் ஊற்றினாள். தண்ணீர் ஜில்லென்று காதுக்குள் போய் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா, செம்பைக் கீழே வைத்துவிட்டு என் காதுக்குப் பின்னால் கட்டை விரலால் தேய்த்தாள், சின்ன வயசில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தேய்ப்பாளே, அப்படி. குருக்களே சிரித்துவிட்டார். நல்லவேளை தலையெல்லாம் தண்ணீர், அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது.

தாலி கட்டினேன். மல்லிகைம்மா, மனைவி நிமிர்ந்துதான் பார்த்தாள், முடிச்சு எனக்கும் சரியாக வரவில்லை.

சாயங்காலம் தரங்கம்பாடி போனோம், பக்கம்தான். 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதைப் பையன் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டினான். நானும் அம்மாவும் உள்ளே போகவில்லை. மாசிலாமணிநாதர் கோயில் பக்கமாகக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். பாண்டியன் கட்டிய கோயில், 700 வருடத்துக்கு மேலாயிற்று, பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சம் நிற்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவர் இருந்தா இந்நேரம் வெயில்ல ஏன் உட்கார்ந்திருக்கேன்னு திட்டியிருப்பார்" என்றாள். அப்பா யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. என்னிடம் காட்டாத ஏதோ ஒரு அப்பா போல.

மல்லிகைப் பந்தல்:

படித்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன், குக்கர் விசில் கணக்கு விட்டுப்போச்சு. அந்தப் புடவையை என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணா? திரும்ப பீரோவில் வைக்காதீர்கள்.

கவுண்டர் எண் 3:

வைக்கவில்லை. தையல்காரரிடம் காட்டினேன், கரைப் பக்கம் மூன்று முழம் நன்றாக இருக்கிறதாம், உள்ளே துணி வைத்துத் தைத்தால் பேத்திக்குப் பாவாடை வரும் என்றார். தீபாவளிக்குள் கேட்டிருக்கிறேன். இந்த வாரம் ஆபீசில் சாவியும் சீலும் ஒப்படைக்க வேண்டும். டெபாசிட் படிவத்தையும் பூர்த்தி செய்துவிட்டேன், அந்த அரை பர்சன்டை எதற்கு விடுவானேன்.