புதுப்பிப்பு: பர்வதமலை ஏறி இறங்கியாச்சு

முதல் தடவையாகப் பர்வதமலை (திருவண்ணாமலை மாவட்டத்தில், உச்சியில் சிவன் கோயில் உள்ள மலை) போகிறேன், எவ்வளவு தண்ணீர் எடுப்பது, ஷூவா செருப்பா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் போய்வந்தோம்.

அடிவாரத்துத் தென்மாதிமங்கலம் ஊர் வழியாக விடியுமுன் ஏற ஆரம்பித்தோம். வெயில் ஏறுவதற்குள் பாதி மலையைத் தாண்டியது பெரிய உதவி. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சரியாக இருந்தது. ஒரு பாட்டிலில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்திருந்தேன், இறங்கும்போது அதுதான் காப்பாற்றியது.

எல்லோரும் பயமுறுத்திய கடப்பாரை நெட்டு என்ற பாறை ஏற்றம் உண்மையிலேயே செங்குத்துதான். பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். இரண்டு கையும் வேண்டும். நான் பூசைச் சாமான் பையை மணிக்கட்டில் மாட்டியிருந்தேன். தேங்காய் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இடித்தது. எல்லாவற்றையும் முதுகுப்பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பிஸ்கட்டையும் உள்ளே வையுங்கள், மச்சான் கையிலிருந்ததைக் குரங்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"புது ஷூ வேண்டாம்" என்று ஒருவர் பதிலில் எழுதியிருந்தார். கேட்கவில்லை. ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடித்து இடித்து நகம் கறுத்துவிட்டது. போவதற்கு முன் நகத்தையாவது வெட்டியிருக்கலாம்.

அடுத்த முறை இன்னொரு பாதையான கடலாடி வழி. மச்சான் இன்னும் சம்மதிக்கவில்லை.