புதுப்பிப்பு: புயலில் டயாலிசிஸ் மையம் மூடினால் என்ன செய்வது?

வாரம் மூன்று முறை ஹீமோடயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்ததால் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்யும் அப்பாவுக்குப் புயல் நேரத்தில் என்ன ஏற்பாடு வேண்டும் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

புயல் எச்சரிக்கை வந்ததும் அடுத்த டயாலிசிஸை முன்கூட்டியே முடித்துவிடச் சொன்ன யோசனைதான் காப்பாற்றியது. மையத்தில் பேசினோம், ஒரு நாள் முன்னதாகவே இடம் கொடுத்தார்கள். அப்புறம் புயல் அடித்து, கரண்டும் தண்ணீரும் போய் மையம் மூடிவிட்டது. ஒரு முறைக்கே நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஜெனரேட்டர் மட்டும் இருந்து பயனில்லை.

அடுத்த முறை தள்ளிப்போனதால், டயட்டீஷியன் முன்பே எழுதித் தந்த மூன்று நாள் அவசர உணவுத் திட்டத்துக்கு மாறினோம். தண்ணீர் வழக்கத்தில் பாதி. பொட்டாசியம், உப்பு, புரதம் எல்லாமே குறைவு. அப்பாவுக்குத் தாகம்தான் பெரிய தொல்லை. ஐஸ் கட்டி வாயில் போடலாம் என்றார் ஒருவர். நல்ல யோசனைதான், ஆனால் கரண்ட் இல்லாத வீட்டில் ஐஸுக்கு எங்கே போவது?

எதிர்பாராதது ஒன்று. மாற்று மையத்தில் முதலில் கேட்டது ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) பரிசோதனை முடிவு. பி தொற்று உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் என்பதால், அது தெரியாமல் சேர்க்கத் தயங்குகிறார்கள். டயாலிசிஸ் குறிப்பு, உலர் எடை (உடம்பில் தேங்கிய அதிகப்படி நீர் இல்லாத எடை), மருந்துப் பட்டியலோடு அதையும் ஈரம் புகாத உறையில் வையுங்கள்.

இன்னொன்று: 'குறைந்த சோடியம்' உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டிய டயாலிசிஸ் நோயாளிக்கு அதை வாங்காதீர்கள்.