இரவில் கோழிகளைக் கொல்வது எது?

கேள்வி:
திண்டுக்கல் அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் 12 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். இரண்டு வாரங்களில் மூன்று கோழிகள் இரவில் கழுத்துக் கடிபட்டுக் கிடந்தன. கூட்டின் அறுகோணக் கம்பிவலையும் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. இது கீரியின் வேலையா? எப்படித் தடுப்பது?

பதில் 1:
கீரி பகலில் இரை தேடுவது என்பதால், மரநாய் அல்லது காட்டுப்பூனை மீதுதான் எனக்குச் சந்தேகம். அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, பல்லும் நகமும் உள்ள விலங்கை வெளியே நிறுத்தாது. அதற்குப் பதிலாக, அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையைக் கூரை உட்பட எல்லாப் பக்கமும் அடியுங்கள். மரநாய் நன்றாக மரமேறும். கூட்டின் மேல் சாயும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள்.

பதில் 2:
ஐயா, அடிப்பகுதியை மறந்துவிடாதீர்கள். வலையின் கீழ்விளிம்பை வெளிப்புறமாக ஒரு அடி அகலத்துக்கு மடக்கி மண்ணில் புதைத்தால், சுவரோரம் தோண்டத் தொடங்கும் நாயோ நரியோ கம்பியில் முட்டித் திரும்பிவிடும். சிதறிய தீவனத்தை மாலையிலேயே அள்ளிவிடுங்கள். அதைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

பதில் 3:
விஷமோ கண்ணியோ வைக்க வேண்டாம். மரநாயும் காட்டுப்பூனையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

கேட்டவர்:
நன்றி. முருங்கைக் கிளையொன்று கூரையில் சாய்ந்திருப்பதை இப்போதுதான் கவனித்தேன். நாளைக் காலை வெட்டிவிடுகிறேன்.