‘பெரெரிக்’ காசு யாருடையது?

கோட்டைவாசல்:
முதலாம் ஹென்றி 1135இல் இறந்ததும் அவர் மகள் மெட்டில்டாவும் சகோதரி மகன் ஸ்டீபனும் இங்கிலாந்து அரியணைக்கு மோதினார்கள். அக்காலத்துப் பென்னிகள் (வெள்ளிக்காசுகள்) சிலவற்றில் அரசர் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘பெரெரிக்’ என்றிருக்கிறது. அப்படியொரு அரசரே கிடையாது. என்னைக் கேட்டால், பேரரசியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லான ‘எம்பெரெரிஸ்’தான் சிதைந்து இப்படி நிற்கிறது. மெட்டில்டா ஜெர்மானியப் பேரரசரின் விதவை. அந்தப் பட்டத்தைக் கடைசிவரை விடவில்லை. 1141 பிப்ரவரி 2 அன்று லிங்கன் போரில் ஸ்டீபன் சிறைப்பட்டார். காசு அதற்குப் பிறகு அடித்தது.

வெள்ளிப்பொறி:
ஏற்க முடியாது நண்பரே. மெட்டில்டாவின் சொந்தக் காசுகளே கிடைத்திருக்கின்றன. 1980இல் கார்டிஃப் அருகே வெளிப்பட்ட புதையலில் பிரிஸ்டல், கார்டிஃப் அக்கசாலைகளில் அடித்தவை உண்டு. அவற்றில் அவர் பெயரே இருக்கிறது. அங்கே பெயர் போட்டவர், பெரெரிக் காசு அடித்த லண்டனிலும் கேன்டர்பரியிலும் ஏன் ஒளிய வேண்டும்? கேன்டர்பரி இருக்கும் கென்ட் முழுக்க ஸ்டீபனின் அரசி பக்கம். லண்டன்காரர்கள் ஜூன் 24 அன்று பேரரசியை முடிசூடும் முன்பே விரட்டிவிட்டார்கள்.

கோட்டைவாசல்:
வின்செஸ்டரை ஏன் விட்டுவிட்டீர்கள்? மார்ச்சிலேயே அங்கிருந்த கோட்டை, கருவூலம், மணிமுடி எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன. அங்கும் பெரெரிக் காசு அடித்திருக்கிறார்கள், லிங்கனிலும்தான். எழுத்து தெரியாதவன் செய்த பிழை என்றும் தள்ள முடியாது: அச்சு வேலை சுத்தம், பல ஊர்களில் அதே பெயர்.

வெள்ளிப்பொறி:
பிழை என்று நான் சொல்லவேயில்லை. தெரிந்தே செய்தது என்கிறேன். காசின் பின்பக்கத்தில் அடித்தவன் பெயரும் ஊரும் இருக்கும். நாளை யார் வென்றாலும் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். மட்டக்காசு அடித்ததாக 1124இல் ஹென்றி அக்கசாலைக்காரர்களின் வலது கையை வெட்டச் செய்தார். அதைக் கண்ட தலைமுறை இது! ஸ்டீபன் சிறையில், மெட்டில்டாவுக்கு முடியில்லை. இருவரையும் சொல்லாத ஒரு பெயர்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

ஆற்றங்கரை:
நாட்டிங்காமைப் பாருங்கள். ஸ்டீபனின் அச்சிலேயே அவர் முகத்தின்மேல் சிலுவை வெட்டியிருக்கிறார்கள், வேறு பெயர் எதுவும் போடாமல். இருப்பவரை மறுத்து, வருபவரைச் சொல்லாமல் விடும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது. வெள்ளிப்பொறி சொல்வது அதனோடு பொருந்துகிறது.

கோட்டைவாசல்:
முகத்தில் சிலுவை வெட்டுவது பயந்தவன் வேலையா? அது பகிரங்க எதிர்ப்பு. வின்செஸ்டர் காசுக்கு நேரான பதில் இன்னும் வரவில்லை.

வெள்ளிப்பொறி:
இதோ பதில். வின்செஸ்டரில் மட்டும் இருந்தால் உங்கள் கட்சிக்கே வருவேன். கேன்டர்பரி அவர் கையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அங்கே அந்தக் காசு எப்படி வந்தது என்பதை நீங்கள் சொல்லுங்கள்.