அகராதி ஆசிரியர் வேலை எப்படி இருக்கும்?

பட்டர்வொர்த் பெண்:
வணக்கம். தமிழில் பட்டம் முடித்துவிட்டு ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அகராதி வேலைக்குப் போக ஆசை. “நாள் முழுக்கச் சொல்லுக்கு அர்த்தம் எழுதினால் சலிக்காதா?” என்கிறார் அம்மா. உள்ளே என்னதான் நடக்கும்?

செந்தூல்காரன்:
பிழை பார்ப்பவருக்குப் பாதி வேலை தெரியும், தங்கச்சி. நான் சென்னையில் ஓர் அகராதிக் குழுவில் இருந்துவிட்டுக் கோலாலம்பூர் திரும்பியவன். அர்த்தம் எழுதுவது கடைசியில்தான். அதற்கு முன்னால் வாசிப்பு, வாசிப்பு, வாசிப்பு. நாவல், நாளிதழ், கல்யாணப் பத்திரிகை, மருந்து டப்பாவில் ஒட்டிய தாள் எதையும் விடக்கூடாது. சொல்லை மட்டும் எடுத்தால் பயனில்லை. வாக்கியத்தோடு, எங்கே வந்தது என்ற குறிப்போடு எடுக்க வேண்டும்.

‘ஒளிச்சேர்க்கை’ மாதிரி பெரிய சொல் சுலபம், ஒரு பொருளோடு முடிந்துவிடும். ‘போடு’ வந்தால் வாரமே போய்விடும். சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், கோழி முட்டை போடுகிறது. எது தனிப் பொருள், எது பழைய பொருளின் நீட்சி? அங்கேதான் நாங்களும் சண்டை போடுவோம்.

அப்புறம், “இது சரியா, தப்பா?” என்று போன் வரும். தீர்ப்புச் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். ஆனால் யார் எழுதுகிறார்கள், எங்கே, எவ்வளவு காலமாக என்று பார்ப்பதுதான் நம் வேலை.

கிள்ளான் மணி:
அதெல்லாம் சரி அண்ணே, சோறு போடுமா?

செந்தூல்காரன்:
போடும், கறி வராது. பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை வக்கீலாக இருந்தவர். 1913இல் அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லர் பொறுப்பில் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியான லெக்சிகனுக்கு 1926இல் பதிப்பாசிரியராக வந்து, 6 தொகுதிகளையும் 1936இல் முடித்தார். அனுபந்தம் 1939இல்தான் வந்தது. ‘க்ரியா’ தற்காலத் தமிழ் அகராதியும் 1992, 2008, 2020 என்று மூன்று முறை பதிப்புக் கண்டது. மொழி நிற்காதே, அகராதி எப்படி முடியும்? அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

ஈப்போ ஆசிரியை:
க்ரியாவில் இலங்கை வழக்குக்குத் தனிக் குறியீடே உண்டு. நம் மலேசியத் தமிழின் கித்தா (ரப்பர்), மங்கு (கிண்ணம்), சடக்கு (சாலை) எல்லாம் யார் எடுப்பது?

செந்தூல்காரன்:
டீச்சர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். தங்கச்சி, அச்சகத்துக்கு வரும் தோட்டக் கோயில் திருவிழா மலர்களிலிருந்தே தொடங்கலாம். தேதி, ஊர், முழு வாக்கியம், மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் லெக்சிகனை இலவசமாகத் தேடலாம்.