ஸ்கூபா ரெகுலேட்டரை நாமே சர்வீஸ் செய்ய: மேனுவல் தேடும்போது கவனிக்க வேண்டியவை

யூஎஸ் டைவர்ஸ் கான்ஷெல்ஃப் 14 ரெகுலேட்டருக்கு (நீருக்கடியில் மூச்சுவிட, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) சர்வீஸ் மேனுவல் எங்கே தேடுவது? கையில் பயனர் கையேடுதான் இருக்கு. "நல்ல தண்ணீரில் அலசவும், டீலரிடம் கொடுக்கவும்" என்பதைத் தாண்டி அதில் உருப்படியாக ஒன்றும் இல்லை.

—

யூஎஸ் டைவர்ஸ் என்ற பழைய பெயரிலேயே தேடுங்க. கம்பெனி பிறகு அக்வா லங் ஆகிவிட்டதால் பலர் புதுப் பெயரில் தேடி ஏமாறுகிறார்கள். முதல் ஸ்டேஜ் (சிலிண்டரில் மாட்டுவது), இரண்டாம் ஸ்டேஜ் (வாயில் வைப்பது) இரண்டுக்கும் தனித்தனியாகத் தேடணும். மூடியில் இருக்கும் மாடல் பெயரை அப்படியே போடுங்க. ஸ்கூபாப்ரோ எம்கே25-ம் எம்கே25 ஈவோவும் ஒன்றல்ல.

பாகங்களைப் பிரித்துக் காட்டும் ஒற்றைத் தாள் படத்தை மேனுவல் என்று நம்பி ஸ்பேனரை எடுக்காதீங்க. ஐபி (முதல் ஸ்டேஜ் இரண்டாம் ஸ்டேஜுக்கு அனுப்பும் இடைநிலை அழுத்தம்) அளவு, முறுக்கு விசை, எங்கே எந்த கிரீஸ், எதையெல்லாம் கட்டாயம் மாற்றணும் — இவை இருந்தால்தான் மேனுவல். திருத்தத் தேதியையும் பாருங்க.

—

ஐபி கேஜ் இல்லாமல் மேனுவல் மட்டும் இருந்து பயனில்லை. 0–20 பார் கேஜை பிசிடி (மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) இன்ஃப்ளேட்டர் ஹோஸில் மாட்டுங்க. இரண்டாம் ஸ்டேஜ் கூடவே மாட்டியிருக்கணும். முதல் ஸ்டேஜில் காற்றை அடைக்கும் சீட் கசிந்து அழுத்தம் எகிறினால் அதுதான் திறந்து காற்றை வெளியே விடும். அது இல்லாவிட்டால் கேஜ் முகத்தில் வெடிக்கும்.

பெரும்பாலானவை 9–10 பாரில் நிற்கும். பர்ஜை (இரண்டாம் ஸ்டேஜில் காற்றை வெளியே விடும் பட்டன்) அழுத்தி விட்டால் முள் இறங்கி, டக்கென்று ஏறி, அதே இடத்தில் நிற்கணும். நின்றபிறகும் மெல்ல ஊர்ந்தால் சீட்டிலோ அது உட்காரும் கத்திமுனையிலோ கோளாறு. அட்ஜஸ்டரைத் திருகினால் எண்தான் குறையும், ஊர்வது நிற்காது. புது சீட் என்றால் 30–40 தடவை பர்ஜ் செய்து படிய விட்டபிறகு முடிவு செய்யுங்க.

சிலிண்டர் 200 பாரில் இருக்கும்போதும் 50 பாரில் இருக்கும்போதும் ஐபியைப் பாருங்க. கான்ஷெல்ஃப் பேலன்ஸ்ட் டயாஃப்ரம் (சிலிண்டர் அழுத்தம் குறைந்தாலும் ஐபி மாறாத வகை), அதனால் பெரிய வித்தியாசம் வரக்கூடாது. ஸ்கூபாப்ரோ எம்கே2 மாதிரி அன்பேலன்ஸ்ட் பிஸ்டனில் சிலிண்டர் காலியாக ஆக ஐபி இறங்கும், அது இயல்புதான்.

—

ஓ-ரிங்குக்கு ஏஎஸ்568 (ஓ-ரிங் அளவுகளுக்கான தரநிலை) எண் போதும்: எல்பி (குறைந்த அழுத்த) போர்ட் 011, எச்பி (உயர் அழுத்த) போர்ட் 012, கேஜ் ஸ்பூல் (ஹோஸையும் கேஜையும் இணைக்கும் சிறு குழாய்) 003, யோக் (கவ்வி) மாட்டும் சிலிண்டர் வால்வு 014. எச்பி பக்கம் 90 டியூரோமீட்டர் (ரப்பரின் கடினத்தன்மை அளவு)தான்; 70 போட்டால் இடுக்கில் பிதுங்கிக் கிழியும். ஹைட்ராலிக் சீல் கடையிலேயே கிடைக்கும். எச்பி சீட், டயாஃப்ரம் போன்றவற்றுக்கு அந்த மாடலுக்கான கிட் வேணும்.

ஓ-ரிங்கை இரும்பு ஊசியால் நெம்பவே நெம்பாதீங்க, பித்தளையோ பிளாஸ்டிக்கோ போதும். கத்திமுனையை 10 மடங்கு லென்ஸில் பாருங்க. நகத்துக்குத் தட்டாத கீறலே ஐபியை ஊர வைக்கும்.

—

ஐபி சரியான பிறகுதான் இரண்டாம் ஸ்டேஜைத் தொடணும். மவுத்பீஸ் மேல்நோக்கி இருக்க, தொட்டித் தண்ணீரில் மெல்ல இறக்குங்க. டயாஃப்ரம் 2.5–3.5 செ.மீ. அமிழ்ந்ததும் சீறினால் சரி. 1 செ.மீ.யிலேயே சீறினால் கடலில் ஃப்ரீஃப்ளோ (காற்று தானாகக் கொட்டுவது) தொல்லைதான்.

—

உப்புக்கறைக்கு வினிகர் போடலாமா?

—

குரோம் பூசிய பித்தளைக்குப் போடலாம். வெள்ளை வினிகரும் வெந்நீரும் சம பங்கு, 10 நிமிஷம், பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசணும். அனோடைஸ் செய்த அலுமினியத்தைப் போட்டால் பூச்சு போய்விடும். நைட்ராக்ஸில் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) ஆக்ஸிஜன் 40 சதவீதத்துக்கு மேல் ஓடுவதென்றால் சிலிக்கான் கிரீஸ் வேண்டாம். கிறிஸ்டோ-லூப் அல்லது டிரைபோலூப், ஓ-ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும்.